சுகர் இருந்த அம்மாவுக்கு இப்போது பிரஷரும்: முக்கூடல் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். அம்மாவுக்கு 56 வயது, முக்கூடல் பக்கம், முப்பது வருஷமாகப் பீடி சுற்றுகிறார்கள், ஆறு வருஷமாக சுகருக்கு மாத்திரை, போன மாதம் பார்த்ததில் பிரஷர் 160/100. "சுகர் மாத்திரை தின்னு தின்னுதான் பிரஷர் வந்துச்சு" என்று சித்தி சொல்ல, அம்மா அதை நம்பி எல்லா மாத்திரையையும் நிறுத்தி இரண்டு வாரம் ஆகிறது. சீனிக்குப் பதில் கருப்பட்டி, உப்புக்குப் பதில் இந்துப்பு என்று மாறிவிட்டார்கள். நீங்கள் சென்னையில் இருந்துகொண்டு, இந்த இரண்டுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, சாப்பாட்டை மாற்றினால் போதுமா, ஒல்லியாக இருக்கும் அம்மாவுக்கு ஏன் இதெல்லாம் வந்தது என்று கேட்கிறீர்கள். நான் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 29 வருஷம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கடைசி எட்டு வருஷம் தொற்றா நோய்ப் பிரிவு, காலையிலிருந்து மத்தியானம் வரை பிரஷரும் சுகரும் பார்ப்பதுதான் வேலை. உங்கள் அம்மாவைப் போல ஆயிரம் அம்மாக்களைப் பார்த்திருப்பேன்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். நாளை காலையே அம்மாவை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். வெறும் வயிற்றில் சுகர், பிரஷர், இரண்டையும் பார்த்துவிட்டு டாக்டர் சொல்லும் அளவில் மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். விட்ட நாளுக்கும் சேர்த்து இரண்டாகப் போடுவது வேண்டவே வேண்டாம். "தீபாவளி முடியட்டும், செவ்வாய் வெள்ளி கழியட்டும்" என்று தள்ளவும் வேண்டாம். அதற்குள் நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் சோர்வது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது இதில் எது வந்தாலும் வீட்டில் கை வைத்தியம் பார்க்காமல் 108.

இப்போது சித்தி சொன்னதுக்கு வருவோம். சுகர் மாத்திரையால் பிரஷர் வரவில்லை. சுகர் எந்த வேரிலிருந்து வந்ததோ அதே வேரிலிருந்து பிரஷரும் வந்திருக்கிறது, ஒன்று ஆறு வருஷம் முன்னால் தெரிந்தது, இன்னொன்று இப்போது தெரிகிறது, அவ்வளவுதான். பல பேருக்கு இது தலைகீழாகவும் வரும், முதலில் பிரஷர், நாலைந்து வருஷம் கழித்து சுகர். பிரஷர் உள்ளவர்களுக்குப் பிற்பாடு சுகர் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு என்று 2000-ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்விலேயே பார்த்திருக்கிறார்கள்.

அந்த வேர் என்ன என்பதை நான் நோயாளிகளிடம் வாய்க்காலை வைத்துத்தான் சொல்வேன், தாமிரபரணிப் பாசனத்து ஆட்களுக்கு அது சட்டென்று பிடிபடும். சாப்பிட்ட சோறு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் வருகிறது, வாய்க்காலில் தண்ணீர் வருகிற மாதிரி. ஒவ்வொரு வயலுக்கும் மடை திறந்துவிட ஆள் வேண்டும், அந்த ஆள்தான் இன்சுலின். தசை, ஈரல் இவற்றில் கொழுப்பு சேரச் சேர மடை துருப்பிடித்துவிடுகிறது, ஒரு ஆள் திறந்த மடைக்கு இப்போது மூன்று ஆள் வேண்டியிருக்கிறது. கணையம் சளைக்காமல் ஆள் மேல் ஆள் அனுப்புகிறது. இந்தக் கட்டத்தில் சுகர் டெஸ்டில் எல்லாம் நன்றாகவே இருக்கும், பல வருஷம்கூட இருக்கும். ஆனால் தேவைக்கு மேல் ஊறுகிற அந்த இன்சுலின் சும்மா இருப்பதில்லை. சிறுநீரகத்துக்குப் போய் உப்பை வெளியே விடாதே என்று பிடித்துவைக்கச் செய்கிறது. உப்பு நின்றால் கூடவே தண்ணீரும் நிற்கும். ரத்தக் குழாயை இறுக்குகிற நரம்புகளையும் அது முடுக்கிவிடுகிறது. குழாய்ச் சுவர் தளர்ந்து கொடுக்க வேண்டிய நேரத்தில் கொடுப்பதில்லை. வாய்க்காலில் தண்ணீர் கூடி, கரையும் இறுகிப்போனால் என்ன ஆகும்? அதுதான் பிரஷர். பிறகு ஒரு நாள் கணையம் களைத்து ஆள் அனுப்ப முடியாமல் போகும்போது சர்க்கரை வாய்க்காலிலேயே தேங்குகிறது, அப்போதுதான் "எனக்கு சுகர் வந்துட்டு" என்கிறோம். தேங்கிய சர்க்கரை குழாய்ச் சுவரில் ஒட்டி அதை இன்னும் விறைப்பாக்கும், பிரஷர் இன்னும் கூடும். ஜெரால்ட் ரீவன் என்கிற அமெரிக்க மருத்துவர் 1988-இல் இதையெல்லாம் சேர்த்து, இன்சுலினுக்கு உடம்பு மசியாமல் போவதுதான் அடியில் இருக்கிறது என்று சொன்னார். அதுவரை பெரும்பாலும் இரண்டையும் தனித்தனி நோயாகத்தான் பார்த்தார்கள், நம் ஊரில் இன்னமும் அப்படித்தான் பார்க்கிறோம்.

அம்மா ஒல்லி என்றீர்கள். வெளியே தெரிகிற ஒல்லியை நம்ப முடியாது தம்பி, நம் ஆட்களிடம் நிச்சயமாக முடியாது. புனேயில் யாஜ்னிக் என்று ஒரு மருத்துவர், இங்கிலாந்தில் அவருடைய நண்பர் யுட்கின், இரண்டு பேருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு ஒரே எண், 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். 2004-இல் இரண்டு பேரும் பக்கத்தில் நிற்கிற படத்தோடு அதை வெளியிட்டார்கள். கை கால் குச்சியாக இருக்கும், வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கும், அதுதான் நம் வாகு. அதனால்தான் நமக்கு எடை மெஷினைவிட தையல்காரர் வைத்திருக்கும் டேப் முக்கியம். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90, அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். அம்மாவுக்கு ஒரு தடவை அளந்து பாருங்கள், அநேகமாக 80-ஐத் தாண்டியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இனி பீடி. நான் ஆலங்குளம், கடையம், முக்கூடல் என்று போன இடமெல்லாம் பார்த்தது இதைத்தான். காலையில் நாலரை மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, பொங்கி வைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு மடியில் சுளகை வைத்து உட்கார்ந்தால் ஆயிரம் பீடி ஆகிறவரை எழுந்திருக்க மாட்டார்கள். கால் மடக்கியபடியே, கழுத்து குனிந்தபடியே, விரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பார்க்கிறவர்களுக்கு "அவ ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டா" என்று தோன்றும். அம்மாவும் அப்படித்தான் சொல்வார்கள், நாள் முழுக்க வேலை செய்கிறேனே, எனக்கு எதுக்கு நடைப்பயிற்சி என்று. களைப்பு உண்மை, கஷ்டம் உண்மை, அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் சர்க்கரையை எரிக்கிற பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் இருக்கின்றன, அவை பத்து மணி நேரம் அசையாமல் கிடக்கின்றன. அந்தத் தசை அசைந்தால் இன்சுலின் இல்லாமலேகூட சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், மடையைத் திறக்க ஆளே வேண்டாம். அதைத்தான் இந்த வேலை தடுக்கிறது. போதாததுக்கு புகையிலைத் தூள் விரல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நாளெல்லாம் உள்ளே போகிறது, அதில் இருக்கும் நிக்கோட்டின் குழாயை இறுக்குகிற சரக்கு. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள், ஜன்னல் பக்கம் உட்காரச் சொல்லுங்கள், வாயில் புகையிலை அடக்கும் பழக்கம் இருந்தால் அதை விடச் சொல்லுங்கள்.

வேலையை விடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அந்தக் காசில்தான் நீங்கள் படித்திருப்பீர்கள். ஐம்பது பீடிக்கு ஒரு தடவை சுளகை இறக்கி வைத்துவிட்டு எழுந்து முற்றம் வரை போய்வர முடியுமா என்று கேளுங்கள். இரண்டு நிமிஷம் போதும், எண்ணிக்கை பெரிதாகக் குறையாது. அப்புறம் சாப்பிட்ட உடனே உட்காராமல் பத்துப் பதினைந்து நிமிஷம் தெருவில் நடை, மூன்று வேளையும். இந்தச் சின்ன நடையில் சாப்பாட்டுக்குப் பிந்தைய சுகர் எவ்வளவு இறங்குகிறது என்பதை வீட்டில் மெஷின் இருந்தால் அம்மாவே பார்த்துக்கொள்ளலாம். ஒருநாள் நடக்காமல், ஒருநாள் நடந்து, இரண்டையும் எழுதி வைத்தால் என் பேச்சைவிட அந்த இரண்டு எண்கள் நன்றாகப் புரியவைக்கும்.

இன்னொன்று, இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கேள்வியில் எனக்கு முதலில் உறுத்தியது இதுதான். பீடி சுற்றுகிறவர்களுக்கு இடுப்பு வலி, கழுத்து வலி, முட்டு வலி இல்லாமல் இருக்காது. அதற்கு அம்மா என்ன சாப்பிடுகிறார்கள்? ஒரு அம்மா எங்களிடம் வருவார், பிரஷருக்கு இரண்டு வகை மாத்திரை ஒழுங்காகப் போடுகிறவர், ஒரு நாள்கூட விட மாட்டார், ஆனாலும் 170/100-க்குக் குறையவே குறையாது. டாக்டர் மூன்றாவது மாத்திரை எழுதப் போகும்போது எனக்கு என்னமோ தோன்றியது, "அம்மா, அந்த சுருக்குப்பையைக் கொஞ்சம் கொட்டுங்க" என்றேன். வெற்றிலை, சில்லறை, பஸ் டிக்கெட், அதற்கு நடுவில் பேப்பரில் மடித்த பொடி மடிப்புகள் நாலைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு மாத்திரை, ஒரு வெள்ளை மாத்திரை. "இது வலிக்கு சிஸ்டர், கடையில வாங்குனது, காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு, இது இல்லன்னா இடுப்பு கழண்டுரும்" என்றார். ஒரு வருஷமாகச் சாப்பிடுகிறார், எங்களிடம் சொல்லவே இல்லை, ஏனென்றால் நாங்கள் பிரஷர் மாத்திரை என்ன போடுறீங்க என்று மட்டும்தான் கேட்டோம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் உப்பையும் தண்ணீரையும் உடம்பில் நிறுத்தும், பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரை வேலை செய்ய விடாது, ஏற்கெனவே சுகரில் அடிவாங்கும் சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். அந்த மடிப்பில் சில நேரம் ஸ்டீராய்டும் இருக்கும், அது சுகரைக் கிடுகிடுவென ஏற்றும். அந்த அம்மாவுக்கு அதை நிறுத்தி, சுடுதண்ணீர் ஒத்தடமும் இடுப்புக்கான பயிற்சியும் சொல்லிக்கொடுத்து, வலி தாங்காத நாளில் மட்டும் டாக்டர் எழுதிய வேறு மாத்திரை என்று மாற்றினோம். மூன்றாவது வாரம் 146/88. மூன்றாவது பிரஷர் மாத்திரை தேவைப்படவே இல்லை. அதனால் தயவுசெய்து அம்மாவிடம் வலிக்கு என்ன சாப்பிடுகிறார்கள் என்று போனில் கேளுங்கள், "மாத்திரை" என்று கேட்காமல் "வலிக்கு என்னம்மா போடுறீங்க" என்று கேளுங்கள்.

உப்புக்கு வருகிறேன். இந்துப்பும் சோடியம் குளோரைடுதான் தம்பி, பாறையில் எடுத்தால் என்ன தூத்துக்குடி உப்பளத்தில் எடுத்தால் என்ன. நிறம் கொடுக்கிற மற்ற தாதுக்கள் மிகச் சொற்பம். பிரஷருக்கு அது நல்லது என்று நினைத்துக் கொஞ்சம் தாராளமாகப் போட்டால் நஷ்டம்தான், அயோடினும் போய்விடும். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஏறக்குறைய ஒரு டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. உங்கள் வீட்டுக் கணக்கைச் சுலபமாகப் போடலாம். ஒரு கிலோ உப்புப் பாக்கெட் எத்தனை நாள் வருகிறது? நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒரு மாதம் வந்தால் ஆளுக்கு எட்டு கிராமுக்கு மேல், இருபது நாளில் தீர்ந்தால் பன்னிரண்டரை கிராம். இதில் கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கடை மிக்சர் சேரவில்லை. பீடி வேலை செய்கிற வீடுகளில் காலைக்குப் பெரும்பாலும் பழைய சோறு, அதற்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாயோ சுட்ட கருவாடோ, நேரம் மிச்சம் ஆகும் என்பதால். நான் பழைய சோற்றைக் குறை சொல்லவில்லை, கூட வருகிறவற்றைத்தான் சொல்கிறேன். சின்ன வெங்காயம், வதக்கிய கொத்தவரங்காய், துவையல் என்று மாற்றலாம். கருவாட்டுக்குப் பதில் பச்சை மீன் கிடைக்கிற நாளில் குழம்பு வைக்கலாம். உப்பை ஒரே நாளில் பாதியாக்கினால் யாரும் சாப்பிட மாட்டார்கள், வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் மூன்று நாலு வாரத்தில் நாக்கு பழகிவிடும், பிறகு பழைய அளவில் போட்டால் கரிக்கிறது என்பார்கள். சுகர் இருக்கிற உடம்பு உப்புக்கு மற்றவர்களைவிட அதிகமாகப் பிரஷரை ஏற்றிக்கொள்ளும், அதனால் அம்மாவுக்கு இதில் கிடைக்கிற லாபமும் கூடுதல். சோடியம் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு என்று ஒன்று கடையில் இருக்கிறது, பலருக்கு நல்லதுதான், ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆபத்து, டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

கருப்பட்டி. இதைச் சொல்லும்போது எனக்கே மனசு வலிக்கும், உடன்குடிக் கருப்பட்டியில் சுக்குத் தட்டிப் போட்ட காப்பி இல்லாமல் வளர்ந்தவள் இல்லை நான். சீனியில் இல்லாத சில சத்துகள் அதில் கொஞ்சம் உண்டு, ருசி உண்டு, எல்லாம் சரி. ஆனால் அதில் பெரும்பகுதி சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ்தான். சுகர் உள்ளவர்களுக்கு அது மருந்தாகாது. ஒரு அண்ணாச்சி சீனியை அறவே விட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொல்வார், நாளைக்கு ஐந்து கருப்பட்டிக் காப்பி, சாப்பிட்ட பிறகு பார்த்தால் 310. அம்மாவுக்கு இனிப்பில்லாத காப்பி உடனே பிடிக்காது, முதலில் கருப்பட்டியைப் பாதியாக, அடுத்த வாரம் கால்வாசியாக, எண்ணிக்கையிலும் இரண்டு தம்ளர் என்று குறைக்கட்டும். தேன், நாட்டுச் சர்க்கரை இரண்டுக்கும் இதே பதில். அல்வாவை, கோயிலுக்குப் போன நாளில் விரல் நுனி அளவு வாயில் போட்டால் குடி முழுகிவிடாது, கால் கிலோ பொட்டலம் வீட்டில் இருந்தால்தான் பிரச்சினை.

சோற்றை விடச் சொல்லி நான் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் நாலு நாள் கேட்பார்கள். அளவும் வரிசையும்தான் முக்கியம். தட்டில் முதலில் காய் விழ வேண்டும், அவியலோ கூட்டோ பொரியலோ தட்டில் பாதி, அதைப் பாதிக்கு மேல் சாப்பிட்ட பிறகு சோறு, மூன்று கரண்டி இருந்தால் ஒன்றரை. பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும். நம் உளுந்தஞ்சோறு எள்ளுத் துவையலோடு நல்ல சாப்பாடு, தோல் உளுந்து தாராளமாகவும் அரிசி குறைவாகவும் போட்டு ஒரு கிண்ணம். கேழ்வரகுக் கூழ் குடித்தால் சுகர் இறங்கும் என்று நினைத்துச் சொம்பு நிறையக் குடிக்கிறார்கள், நைசாக அரைத்துக் காய்ச்சிய கூழ் சர்க்கரையை வேகமாகவே ஏற்றும். சாமையும் குதிரைவாலியும்கூட அளவுக்கு மேல் சாப்பிட்டால் சோறு போலத்தான்.

இதையெல்லாம் செய்தால் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். ஒரு கிலோ எடை குறைந்தால் பிரஷர் சராசரியாக ஒரு புள்ளி இறங்கும், உப்பைக் குறைப்பதிலும் தினசரி நடையிலும் ஒவ்வொன்றுக்கும் நாலைந்து புள்ளி. சின்ன எண்களாகத் தெரியும், ஆனால் பலன் சின்னதில்லை. சுகர் வருகிற விளிம்பில் இருந்த 531 பேரைச் சென்னையில் மூன்று வருஷம் கவனித்த ஓர் ஆய்வு 2006-இல் வெளிவந்தது. வழக்கமான அறிவுரை மட்டும் கேட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு சுகர் வந்தது, சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் 39 சதவீதம். நம் சோறு சாப்பிடுகிற நம் ஆட்கள், அதனால்தான் இந்த ஆய்வை எப்போதும் சொல்வேன். பிரஷரைப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் 1998-இல் முடிவு வந்த ஆய்வு ஒன்று. சுகரும் பிரஷரும் சேர்ந்து உள்ள 1,148 பேரில் ஒரு பகுதியினருக்குப் பிரஷரை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினார்கள். இரு தரப்புக்கும் வித்தியாசம் பத்துப் புள்ளிதான், சராசரி 154/87-க்கும் 144/82-க்கும் உள்ள தூரம். பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது, சுகர் சார்ந்த சாவு 32 சதவீதம் குறைந்தது. அந்தப் பத்துப் புள்ளிக்காகத்தான் நாங்கள் அவ்வளவு மல்லுக்கட்டினோம். ஆனால் 160/100-இல் இருக்கிற அம்மாவுக்குச் சாப்பாடும் நடையும் மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும். பழக்கங்கள் நிலைத்த பிறகு மாத்திரை அளவைக் குறைக்க முடிந்தால் டாக்டரே குறைப்பார், நான் பல பேருக்குப் பார்த்திருக்கிறேன்.

"நல்லாத்தான இருக்கேன், ஒண்ணும் செய்யலியே, எதுக்கு மாத்திரை" என்றுதான் எல்லா அம்மாக்களும் சொல்வார்கள். பிரஷர் 180 இருந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது, அதுதான் பயம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன, தலைமுடியைவிட மெல்லிய குழாய்ச் சுருள்கள். சுகர் அந்தச் சல்லடையின் கண்ணைப் பெரிதாக்குகிறது, பிரஷர் மேலிருந்து அழுத்துகிறது, புரதம் ஒழுக ஆரம்பிக்கிறது. போன வடிகட்டி போனதுதான், புதிதாக முளைக்காது. சிறுநீரில் ஆல்புமின் என்கிற அந்தப் புரதம் போகிறதா என்று வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால் வருஷக்கணக்கில் முன்னாலேயே தெரிந்துவிடும், தெரிந்தால் அதைத் தடுக்கிற வகையைச் சேர்ந்த பிரஷர் மாத்திரையாகவே டாக்டர் எழுதுவார். அம்மாவுக்கு ஆறு வருஷத்தில் இந்த டெஸ்ட் ஒரு தடவையாவது எடுத்தார்களா என்று சீட்டைப் பாருங்கள். கூடவே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், கொழுப்பு, மூன்று மாதச் சராசரி சுகர் (HbA1c), கண்ணில் மருந்து விட்டு விழித்திரைப் பரிசோதனை. "சுகர் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்" என்கிற பேச்சை நான் தினமும் கேட்டேன், கட்டுப்படாத சுகரும் பிரஷரும்தான் கெடுக்கின்றன. சிறுநீரகம் ஏற்கெனவே குறைந்திருந்தால் சில மாத்திரைகளின் அளவை மாற்ற வேண்டும், அது டாக்டர் வேலை. எட்ட வேண்டிய அளவு பொதுவாகப் பிரஷர் 130/80 பக்கம், மூன்று மாதச் சராசரி 7 சதவீதம் பக்கம். வயதையும் உடம்பையும் பார்த்து டாக்டர் இதைக் கொஞ்சம் தளர்த்தலாம்.

வீட்டில் பிரஷர் மெஷின் வாங்கிக் கொடுங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேல் கையில் கட்டுகிற வகை. அதைவிட முக்கியம் பார்க்கிற முறை. காப்பி குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், சிறுநீர் போய்விட்டு வந்து, முதுகைச் சாய்த்து நாற்காலியில் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும், காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் வைத்து. பீடி சுற்றிக்கொண்டிருந்த கையை நீட்டிப் பார்த்தால் வருகிற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. இரண்டு தடவை, ஒரு நிமிஷ இடைவெளியில், ஒரு நோட்டில் எழுதட்டும். எழுந்து நிற்கும்போது கிறுகிறு என்று வந்தால் நின்றபடியும் ஒரு தடவை பார்த்து டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அம்மாவிடம் ராத்திரி பலமாகக் குறட்டை விடுகிறார்களா, நடுவில் மூச்சு நின்று திணறி விழிக்கிறார்களா என்றும் விசாரியுங்கள், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது பிரஷரையும் சுகரையும் சேர்ந்தே ஏற்றும். மாத்திரை போட்டுவிட்டு வேலை மும்முரத்தில் சாப்பாட்டைத் தள்ளிப்போடும் பழக்கம் உண்டா என்பதையும் கேட்க வேண்டும். வேர்த்து, கை நடுங்கி, படபடவென்று வந்தால் அது சுகர் தாழ்வது, அந்த நேரத்தில் மட்டும் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும்.

பஸ் ஏறிப் போய் மாத்திரை வாங்க ஒரு நாள் கூலி போகிறது என்பதுதான் பாதிப் பேர் மாத்திரையை விடக் காரணம், அதைச் சோம்பல் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. 2021 ஆகஸ்ட்டில் மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பித்த பிறகு தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அம்மாவின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் சுகாதார நிலையத்திலோ துணை சுகாதார நிலையத்துச் செவிலியரிடமோ சொல்லிச் சேர்க்கலாம்.

கடைசியாக உங்களைப் பற்றி, தம்பி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1.13 லட்சம் பேரைப் பார்த்து 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் 10.1 கோடி பேருக்கு சுகர், பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்குப் பிரஷர். அம்மாவுக்கு இரண்டும் இருக்கிறது, உங்களுக்கு 31 வயது, சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா சுளகை மடியில் வைத்து உட்காருகிற அதே பத்து மணி நேரம்தான் அது. வெறும் வயிற்றில் 100-லிருந்து 125-க்குள் வந்தால் விளிம்பில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம், 126-உம் அதற்கு மேலும் இரண்டு தடவை வந்தால் சுகர். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அம்மாவை நீங்களே காலையில் சாப்பிடாமல் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்களும் சாப்பிடாமல் போங்கள், அம்மாவுக்கு ரத்தம் எடுத்து முடித்ததும் அடுத்த ஆளாக உங்கள் பெயரைக் கொடுங்கள். வந்த எண்களை இங்கே எழுதினால் பார்த்துச் சொல்கிறேன்.